ஒரு கைப்பிடியும் குறையாமல்

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒருவழியாக முடிந்தது. நான்கு நாளாக மொட்டை மாடியே கதி. இருபத்திரண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ரோமம், வருஷத்துக்கு என் ஆடு ஒன்று, அண்ணன் வீட்டு ஆடு ஒன்று என்று தவறாமல் சேர்த்தது. அத்தனை மூட்டையையும் பிரித்து, பூச்சி பார்த்து, மறுபடி அலசி, காயப்போட்டு எடுத்தாயிற்று. இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

காலையில் ஒரே மூடுபனி. மாடியில் நின்றால் ஆற்றுக்கு எதிர்க்கரையில் ரபாத் நகரத்தையே காணோம். ஆனால் ரோமம் கைக்குக் காய்ந்துதான் இருந்தது. கரிக்கடையில் கொக்கித் தராசு இரவல் வாங்கி, மூட்டை மூட்டையாக நானே தூக்கி மாட்டினேன். அறுபத்தொரு கிலோ. 61. இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஹனியா மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “ரோமத்தை யாராச்சும் எடை போடுவாங்களா பத்தூலு? நாங்கள்லாம் கண்ணால பாத்துத்தான் குடுப்போம்.”

“நீ கண்ணால பாரு. நான் முப்பது வருஷமா கணக்கு டீச்சர்.”

ஒன்பது மணிக்கு ஜிலாலி மேஸ்திரி தள்ளுவண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் பேட்டையில் பாதி வீட்டு மெத்தை அவர் தைத்ததுதான். “கூடத்துல சுவத்தோரமா போட்டு உக்கார நாலு மெத்தை வேணும். ஆகஸ்ட்ல என் பொண்ணு நஜ்லாவுக்குக் கல்யாணம்” என்றேன். “பொண்ணு வீட்டு மெத்தை டீச்சர், நல்லாவே தைக்கிறேன்” என்றார். ரசீது கேட்கவில்லை. மெத்தைக்காரரிடம் யார் ரசீது கேட்பார்கள்?

ஏப்ரல் 30, செவ்வாய்

சம்பந்தியம்மா போன். “கடைல விக்கிற ஸ்பாஞ்சு மெத்தை மட்டும் அனுப்பிடாதீங்க. எனக்கு உக்காந்தாலே தெரிஞ்சிடும்.” தெரியுமாம்! அந்த அம்மா உட்கார்ந்தால் எந்த மெத்தைக்குத்தான் தெரியாது.

மே 7, செவ்வாய்

ஆத்திரம் தாங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

மூன்று நாளாகக் கிழக்குக் காற்று. உதடு வெடிக்கிறது, கதவுத் தாழ்ப்பாள் தொட்டால் சுடுகிறது. இந்தக் காற்றில் மத்தியானம் மெத்தை வந்தது. மூன்று. மூன்றுதான்! நாலாவது எங்கே என்றேன். மேஸ்திரி அரை மூட்டை ரோமத்தை வாசலில் வைத்தார். “இவ்வளவுதான் டீச்சர் மிச்சம். நாலாவதுக்குப் பத்தாது.”

அவர் கண்ணெதிரே தராசைக் கொண்டுவரச் சொன்னேன். துணியின் எடையைக் கழித்து, அரை மூட்டையையும் சேர்த்து, ஐம்பது. பதினோரு கிலோவைக் காணோம்.

“ரோமத்துக்கு நிலையா ஒரு எடை கிடையாது டீச்சர். அடிச்சா உதிரும், காத்துல போகும். இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும்.”

“கிலோவுக்குக் கிழமை உண்டா மேஸ்திரி? திங்கக்கிழமை ஆயிரம் கிராம், செவ்வாக்கிழமை எண்ணூறு கிராமா?”

தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்புப் பண்ணாதவன் ஏன் தரையைப் பார்க்கிறான்? கூலியைக்கூடக் கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன்.

நாலு மெத்தை வரும் என்றுதான் நஜ்லாவின் புது வீட்டுக் கூடத்தில் மூன்று சுவருக்கும் அளவு கொடுத்தேன், நடுச்சுவருக்கு இரண்டு, பக்கச்சுவருக்கு ஒவ்வொன்று. இப்போது இடது சுவர் மொட்டையாக நிற்கும். சம்பந்தியம்மா கூடத்தில் நுழைந்ததும் முதலில் அங்கேதான் பார்ப்பாள்.

மே 9, வியாழன்

கடைக்கே போனேன். சத்தம் போட்டேன் என்று நஜ்லா சொல்கிறாள். போட்டேன்தான். எதிரே மீன் விற்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கேட்கட்டும். “எனக்கு எடை போடுற பழக்கம் இல்ல டீச்சர். வந்த மூட்டையைப் பிரிச்சேன், காய வெச்சேன், அடிச்சேன், தெச்சேன்.” இதையே நாலு தடவை சொன்னார். திருடினேன் என்றும் இல்லை, திருடவில்லை என்று கோபமும் இல்லை. அந்தப் பொறுமைதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நஜ்லா: “விடுங்க உம்மா. அந்தச் சுவத்துல ரெண்டு நாற்காலி போட்டுக்கறேன்.”

நாற்காலியாம். இவளுடைய தகப்பன் பெல்ஜியத்துக்குப் போய்ப் பதினாறு வருஷம், ஒரு கடிதம் இல்லை. நான் ஒரு பெண் தனியாக ஆடு வாங்கி, ரோமம் அலசி, மூட்டை கட்டி வைத்தது நாற்காலி போடுவதற்கா?

மே 13, திங்கள்

கேஸ் போட்டுவிட்டேன்.

சிறுவழக்கு நீதிமன்றத்தில் ஐயாயிரம் திர்ஹமுக்கு உட்பட்டதென்றால் வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். நாம் வாயால் சொன்னால் குமாஸ்தாவே அச்சடித்த தாளில் எழுதிக்கொள்கிறார். என் முறை வர பதினொன்றரை ஆயிற்று.

“என்ன விஷயம்மா?”

“ஆட்டு ரோமம். பதினோரு கிலோ.”

தலையைத் தூக்கினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “காலைல ஒருத்தர் சேவலுக்காகப் போட்டுட்டுப் போனார். சொல்லுங்க, எதிராளி பேரு?”

பேரைச் சொன்னேன். போன வருஷம் அந்த மனுஷனின் மனைவி மௌத்தானபோது துக்க வீட்டுச் சாப்பாடாகக் கூஸ்கூஸ் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவள் நான். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கணக்கு கணக்குதான். ரோமமாகத் தரட்டும், இல்லை விலையாகத் தரட்டும் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 18, சனி

நோட்டீஸ் போய்விட்டதாம். ரொட்டி சுடுகிற அடுப்புக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

மே 27, திங்கள்

முதல் நாள். மேஸ்திரி எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போடுகிற ஜெல்லாபா அங்கியைப் போட்டிருந்தார். என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார். நான் சொன்னேனா? முணுமுணுத்தேன்.

நீதிபதி ஒரு பெண். நஜ்லாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அவ்வளவுதான். முதலில் சமாதானத்துக்குத்தான் பார்த்தார். “ஒரே பேட்டைக்காரங்க. அஞ்சு கிலோ குடுத்து முடிச்சுக்கலாமா மேஸ்திரி?”

அவர் மெதுவாகச் சொன்னார்: “அஞ்சு கிலோ குடுத்தா அஞ்சு கிலோ திருடினேன்னு ஆயிடுமே அம்மா.”

“எனக்குப் பதினொண்ணு” என்றேன்.

சாட்சி உண்டா என்றார். எடை போட்டபோது ஹனியா இருந்தாள், ஆனால் தராசின் முள்ளை அவள் பார்க்கவில்லை. இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நீதிபதி ஏப்ரல் 21-ஐப் படித்தார். பக்கம் புரட்டினார். சம்பந்தியம்மா பக்கம்! பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டார்.

“டீச்சர், இது உங்க எழுத்து. நீங்க எழுதினதே உங்களுக்குச் சாட்சியாகாது. காகிதம் இல்ல, சாட்சி இல்ல. மிச்சம் ஒரு வழிதான். அவரைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேக்கலாம். பண்ணிட்டார்னா கேஸ் அத்தோட முடிஞ்சது, அப்புறம் நீங்க எந்த அத்தாட்சி கொண்டாந்தாலும் எடுத்துக்க மாட்டேன். பண்ண மறுத்தா நீங்க ஜெயிச்சீங்க. என்ன சத்தியம்னு வாசகத்தை நீங்கதான் குடுக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்கவில்லை. “பண்ணச் சொல்லுங்க” என்றேன். மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மே 29, புதன்

ஹனியா: “அட போடி. ஒரு கிலோ மத்தி மீனுக்கு அல்லா மேல சத்தியம் பண்றவன் இருக்கான். பண்ணிட்டுப் போயிடுவான், நீ வாயைப் பொளந்துட்டு நிப்பே.”

அதனால்தான் வாசகத்தில் சந்து பொந்து வைக்கக் கூடாது. ‘நான் திருடவில்லை’ என்று விட்டால், மிச்சப்பட்டதை வைத்துக்கொள்வது திருட்டில்லை என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு சத்தியம் பண்ணிவிடுவார். மூன்று தாள் கிழித்தபிறகு இப்படி வந்தது:

‘பத்தூல் டீச்சரிடம் வாங்கிய ரோமம் முழுவதையும், ஒரு கைப்பிடியும் குறையாமல், திருப்பிக் கொடுத்தேன்.’

ஊசி நுழைய இடமில்லை. நஜ்லா படித்துவிட்டு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 3, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதி பேட்டை வந்திருந்தது. நீதிபதி வாசகத்தைப் படித்தார். மேஸ்திரி எழுந்து நின்றார். வலது கையைத் தூக்கினார், அப்படியே இறக்கிவிட்டார். சொல்லிவிடுவாரோ? சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன்?

“அம்மா, நான் எடுத்துக்கலைன்னு எத்தனை தடவை வேணா சத்தியம் பண்றேன். ஆனா இதுல ‘ஒரு கைப்பிடியும் குறையாம’ன்னு இருக்கு. அடிக்கும்போது தூசியா எவ்வளவு போச்சு, காத்துல எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் எடை போடல. தெரியாத ஒண்ணுக்கு அல்லா பேரை எப்படி இழுக்கறது?”

நீதிபதி என் பக்கம் திரும்பினார். “டீச்சர், ‘நான் எடுத்துக்கல’ன்னு மாத்திக்கலாமா? உங்க வாசகம். நீங்கதான் சரின்னு சொல்லணும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நஜ்லா கடைசிப் பெஞ்சில் இருந்தாள், அவளும் பார்த்தாள்.

“எழுதினது எழுதினதுதான்” என்றேன்.

“அப்ப நான் பண்ணல” என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு அங்கேயே. பதினோரு கிலோ ரோமம், இல்லாவிட்டால் அதற்கான விலை. ஹனியா என்னைக் கட்டிக்கொண்டு வாசல்வரை குலவையிட்டாள். வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது: “சத்தியம்னதும் கை இறங்கிடுச்சு பாத்தியா? களவாணிதான்.”

ஜூன் 6, வியாழன்

தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் அமீனா யாரும் வரவேண்டியிருக்கவில்லை. மேஸ்திரியே மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்தார். நல்ல வெள்ளை ரோமம், நீள இழை, கடையில் வாங்கியது. விலை எனக்குத் தெரியும். அதே கரிக்கடைத் தராசிலேயே போடச் சொன்னார். பதினொன்று. பிறகு பையில் கை விட்டு இன்னும் ஒரு பிடி எடுத்து மேலே வைத்தார்.

“இது எதுக்கு மேஸ்திரி?”

“ஒரு கைப்பிடி குறைஞ்சிடக் கூடாதுல்ல.”

கிண்டலா? முகத்தில் கிண்டல் இல்லை. கூலியை எடுத்து நீட்டினேன், வாங்காமலே போனார்.

ஜெயித்தவளுக்கு இன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 12, புதன்

நாலாவது மெத்தையைப் பாலத்தடி மெத்தைக்காரனிடம் தைத்து வாங்கியாயிற்று. கூடத்தில் அளவு பார்த்தேன், கச்சிதம். அவன் பல்லை இளித்துக்கொண்டு சொன்னான், “இந்தப் பெருநாளுக்கு உங்க பேட்டை ரோமம் பூரா எங்கிட்டதான் வரப்போகுது டீச்சர். உங்க புண்ணியம்.”

ஜிலாலி கடை வழியாக வந்தேன். ரோமம் அடிக்கிற மூங்கில் கழி இரண்டும் சுவரில் சாய்த்தபடி இருந்தன. பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்க அந்தக் கழி சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 17, திங்கள்

பெருநாள். ஆடு நல்ல ஆடு. கறி பங்கு போட்டேன். மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பினது திரும்பி வரவில்லை, நன்றி என்றும் ஆள் வரவில்லை.

ஜூன் 22, சனி

அலசிப் போட்ட ரோமத்தை எடுத்துவிட்டேன். காலையில் மூடுபனி, ஆனால் கைக்குக் காய்ந்துவிட்டது. இனி எதையும் எடை போடாமல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். இரண்டு கிலோ நானூறு. தலையணைக்கு ஆகும். பையில் கட்டி மாடிக் கொட்டகையில் வைத்தேன்.

ஜூன் 26, புதன்

யா அல்லா.

யா அல்லா, நான் என்ன செய்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். ஞாயிறிலிருந்து கிழக்குக் காற்று. இன்று தலையணைக்குக் கொடுக்கப் பையை எடுத்து மறுபடி மாட்டினால், ஒரு கிலோ தொள்ளாயிரத்து எழுபது. நானூற்று முப்பது கிராம் இல்லை! கொட்டகைக்கு ஹனியா மாடியிலிருந்து கால் எட்டி வைத்தால் வந்துவிடலாம். சுவர் மேலே எம்பிக் கத்தினேன்.

“ஏண்டி, எங்கிட்டயே கை வெச்சியா?”

“எதுல?”

“ரோமத்துல. நானூத்து முப்பது கிராம் குறையுது.”

அவள் துணி உலர்த்தின கையோடு நின்றாள். முகம் செக்கச் சிவந்துபோயிற்று. “உன் ஆட்டு மயிரை எடுத்து நான் என்ன மீசையா வெச்சுக்கப் போறேன்? போடி, போய் கேஸ் போடு! எனக்கும் ஒரு வாசகம் எழுது! உனக்குத்தான் அது நல்லா வருதே!”

நஜ்லா பின்னாலிருந்து சொன்னாள், “உம்மா, கொட்டகைச் சாவி உங்க இடுப்புலதான் இருக்கு. சனிக்கிழமையிலேர்ந்து.”

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

பைக்குள் கை விட்டுப் பார்த்தேன். ரோமம் மொறமொறவென்று இருந்தது, சனிக்கிழமை அப்படி இல்லை. அன்றைக்குக் கைக்குத்தான் காய்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது, கைக்குத் தெரியாத தண்ணீர். இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஏப்ரல் 21: ‘காலையில் ஒரே மூடுபனி.’ மே 7: ‘மூன்று நாளாகக் கிழக்குக் காற்று.’ இரண்டையும் நானே எழுதியிருக்கிறேன். நானே எழுதி, நானே கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. இரண்டு கிலோ நானூறு, ஒன்று தொள்ளாயிரத்து எழுபது ஆகுமென்றால், அறுபத்தொன்று என்ன ஆகும்?

ஐம்பது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஐம்பதுதான்.

‘இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும்’ என்று முதல் நாளே அவர் சொன்னாரே. நான் கிழமை சொல்லிக் கேலி பண்ணினேன். தெரியாததுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன் என்று கையை இறக்கின மனுஷன். தெரியாமலே அடித்துச் சொன்னவள் நான். நீதிபதி கேட்டாரே, மாத்திக்கலாமா என்று. ஒரு தலையாட்டல். அதைக்கூட நான் செய்யவில்லை.

ஜூன் 27, வியாழன்

கோர்ட்டுக்குப் போனேன். அதே குமாஸ்தா. “ஜெயிச்சவங்க வந்து ‘நான் தப்பா ஜெயிச்சுட்டேன்’னு சொல்றதுக்குத் தாள் எதுவும் அச்சடிக்கலம்மா. தீர்ப்பு தீர்ப்புதான். திருப்பிக் குடுக்கணும்னா நீங்களே போய்க் குடுங்க, யார் தடுக்கறா?”

யார் தடுக்கிறார்கள். என் வாய்தான் தடுக்கிறது. தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

ஜூன் 29, சனி

நானும் நஜ்லாவும் நாலாவது மெத்தையைப் பிரித்தோம். கத்திரியால் தையலை ஒவ்வொன்றாக. “உன் மாமியார் கேப்பாங்களே” என்றேன். “கேட்டா கேக்கட்டும்” என்றாள். அவர் கொண்டுவந்த வெள்ளையைத் தனியாகப் பிரித்தெடுத்தோம். இழை நீளம் என்பதால் சுலபமாகத் தெரிந்தது.

ஹனியா வாசலுக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “மீசைக்கு ஒரு பிடி எடுத்துக்கவா?” என்றாள். அழுதுவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

கரிக்கடைக்காரரின் தள்ளுவண்டி. பதினோரு கிலோவும் ஒரு கைப்பிடியும். சந்தைத் தெரு வழியாக, பதினொரு மணிக்கு, கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து நானே தள்ளிக்கொண்டு போனேன். என்ன டீச்சர், என்ன டீச்சர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “வாங்க, சொல்றேன்” என்றேன். கடைக்குப் போகும்போது பின்னால் இருபது பேர்.

அவர் பழைய தலையணை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். மே மாதம் இதே இடத்தில் எவ்வளவு சத்தம் போட்டேனோ, அவ்வளவு சத்தம். “மேஸ்திரி எடுக்கல. ஒரு இழை எடுக்கல. ஈர ரோமத்தை எடை போட்டவ நான். கணக்கு டீச்சர் கணக்குத் தப்பு. அவர் சத்தியத்துக்குப் பயந்தது களவாணிங்கிறதால இல்ல.” மீன்காரிகள் கத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. “அங்க வெச்சிடுங்க டீச்சர்.”

“எடை போட்டுப் பாத்துக்குங்க.”

“எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

கூலியைத் திண்டு மேல் வைத்தேன். எண்ணாமல் பெட்டியில் போட்டுக்கொண்டார். நான் போகாமல் நின்றேன். கேட்காமல் எப்படிப் போவது? “என்னை மன்னிச்சிடுங்க மேஸ்திரி.”

“மன்னிச்சுட்டேன்.”

தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எனக்குப் போதவில்லை. என் புத்தி அப்படி. “மெய்யாத்தானா?” என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தியம் பண்ணச் சொல்லுவீங்களா டீச்சர்?”

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஹனியா பெருநாள் ரோமத்தை ஜிலாலியிடமே கொடுத்துவிட்டாள். கண்ணால் பார்த்து. இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் கொடுத்தார்களாம். மூன்றுதான். மற்றவர்கள் பாலத்தடிக்கே போகிறார்கள். என்னால் போனதெல்லாம் என்னால் திரும்பி வராது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று நஜ்லாவைக் கொண்டுபோய் விட்டோம். அவள் புது வீட்டுக் கூடத்தில் மூன்று மெத்தை. இடது சுவரில் இரண்டு நாற்காலி. சம்பந்தியம்மா நுழைந்ததும் முதலில் அங்கேதான் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்:

“ரோமம் ஐம்பது கிலோதான் இருந்துச்சு.”